கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

பெட்ரோல் பங்க்கில் ஊழியர் நம் காரின் டாங்கில் குழாயைச் செருகி விசையை அழுத்துகிறார். நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் வேகத்தில் பெட்ரோல் இறங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 9 யூனிட் வரும். ஆக, அந்த ரப்பர் குழாய்க்குள் நிமிடத்துக்கு 270 யூனிட் பாய்கிறது. அதே வேகத்தில் ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் 16,000 யூனிட்டைத் தாண்டிவிடும். மின்சாரத் துறையினர் இதை 16 மெகாவாட் என்பார்கள். தெருமுனைகளில் நிற்கும் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒன்றாகச் சேர்த்தால்தான் அந்த ஒற்றைக் குழாயின் ஓட்டத்துக்கு ஈடாகும். பங்க் ஊழியர் அதை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் பணம் வாங்கிக்கொள்கிறார். மனிதகுலம் இதுவரை உருவாக்கிய வியக்கத்தக்க வசதிகளில் ஒன்று இது. தினம் பார்ப்பதால் நமக்கு வியப்பாகத் தெரிவதில்லை.

இனி வீட்டுச் சுவரில் இருக்கும் 15 ஆம்ப் பவர் பாயிண்டைப் பாருங்கள். அதிலிருந்து மின்சாரக் கார் எடுக்கக்கூடியது சுமார் 3.3 கிலோவாட். வழியில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் ஒரு மணி நேரத்தில் 3 யூனிட் பேட்டரியில் சேரும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் கார் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் 20 கிலோமீட்டர் ஓடலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கோ பங்க் குழாய் ஒரே நிமிடத்தில் 480 கிலோமீட்டருக்கான எரிபொருளை ஊற்றிவிடுகிறது. வேகத்தில் 1,400 மடங்கு வித்தியாசம்!

இந்தக் கணக்கைக் கேட்டதும் ‘மின்சாரக் கார் நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். கணக்கில் பிழை இல்லை; ஆனால் பெட்ரோல் காருக்கு உரிய கேள்வியை அது மின்சாரக் காரிடம் கேட்கிறது. பங்க்கில் முக்கியமான கேள்வி, ‘எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்?’ என்பது. காரை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது, நாமும் கூட நிற்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி. வீட்டில் சார்ஜ் ஏறும்போது நாம் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. வேலை முடிந்து வந்து கேபிளைச் செருகுகிறோம். காலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுகிறோம். நம் நேரத்தில் அரை நிமிடம் செலவாகியிருக்கும்.

நகரத்தில் வேலைக்குப் போய்வரும் கார் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். நெரிசலையும் சேர்த்தாலும் அது சாலையில் இருப்பது இரண்டு மணி நேரம். மிச்சம் 22 மணி நேரமும் எங்கோ ஓரிடத்தில் சும்மா நிற்கிறது. 40 கிலோமீட்டருக்குத் தேவை சுமார் 6 யூனிட். அந்தச் சாதாரணப் பவர் பாயிண்டிலேயே இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். இரவு முழுக்க மெல்ல ஊறி விடிகாலையில் நிறைந்து நிற்கும் கிணறு இருக்கிற வீட்டுக்காரர், தண்ணீர் லாரியின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வீட்டில் சார்ஜ் போட இடமுள்ளவரின் நிலையும் அதுதான். அவர் தினமும் நிறைந்த பேட்டரியோடு கிளம்புகிறார். பங்க் பக்கம் போவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் வீடு தேடி வர முடியாது. அதன் ஆவி ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால் சேமிப்பதற்கே சட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நிலத்தடித் தொட்டி, உரிமம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் உள்ள இடத்துக்கு நாம்தான் வண்டியை ஓட்டிப் போக வேண்டும். மின்சாரம் ஏற்கெனவே நம் வீட்டுச் சுவருக்குள் வந்து காத்திருக்கிறது. பெட்ரோல் விரைவானது, ஆனால் தூரத்தில் இருக்கிறது. மின்சாரம் மெதுவானது, ஆனால் பக்கத்தில் இருக்கிறது. எது வசதி என்பதை உங்கள் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதே தீர்மானிக்கும்.

பெட்ரோலின் வசதியும் ஒரே நாளில் வந்ததில்லை. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் கார் ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடும் கார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை நீக்குவதற்காக விற்றுக்கொண்டிருந்த லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். இன்றும் அந்த ஊர் தன் மருந்துக் கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று சொல்லிப் பெருமைப்படுகிறது. காரை உள்ளே ஓட்டி வந்து நிரப்பிக்கொள்வதற்கென்றே திட்டமிட்டுக் கட்டிய நிலையத்தை கல்ஃப் நிறுவனம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் திறந்தது 1913 டிசம்பரில். இரண்டுக்கும் இடையே 25 ஆண்டுகள்.

அந்த இடைக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் சாதாரணமாக ஓடின என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்துக் கையை முறித்த சம்பவங்கள் ஏராளம். மின்சாரக் கார் புகையில்லாமல், சத்தமில்லாமல் நகர்ந்தது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்தான் ஓட்டினார். அன்றும் சார்ஜ் போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம் வேண்டும். வீடுகளுக்கு வந்ததோ பெரும்பாலும் திசை மாறிக்கொண்டே இருக்கும் மாறுமின்னோட்டம். 1902-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் உருவாக்கிய பாதரச ஆவிக் குழாய் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தந்தது. வசதி படைத்தவர்கள் அந்தக் கருவியைத் தங்கள் கார் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே சார்ஜ் போடும் ஏற்பாட்டுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வயது! இன்று அதே வேலையைக் காருக்குள் இருக்கும் ‘ஆன்போர்டு சார்ஜர்’ என்ற பெட்டி செய்கிறது. 1912-இல் கேடில்லாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது, பெட்ரோல் மலிவானது, பங்க்குகள் பெருகின. ஊர்விட்டு ஊர் போகும் சாலைகள் நீண்டபோது, அன்றைய ஈய பேட்டரிகளால் அத்தனை தூரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மின்சாரக் கார் மறைந்தது.

இன்றைய பேட்டரி லித்தியம் அயனி. அதைச் சாத்தியமாக்கிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால்தான், விளம்பரங்களில் ஏன் எப்போதும் ‘10-லிருந்து 80 சதவீதம்’ என்று போடுகிறார்கள், ஏன் யாரும் ‘முழுதும் நிரம்ப’ என்று சொல்வதில்லை என்பது விளங்கும்.

ஒரு செல்லுக்குள் இரண்டு முனைகள். ஒரு முனையில் லித்தியம் கலந்த உலோகச் சேர்மம். மறு முனையில் கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கும் அதே கார்பன், ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் முதல் முனையை விட்டுக் கிளம்பி, இடையிலிருக்கும் திரவத்தைக் கடந்து, கிராஃபைட் ஏடுகளின் நடுவே போய் அமர்கின்றன. முழுவதும் நிரம்பிய நிலையில் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு. ஏடுகளின் ஓரத்தில் நுழையும் அயனி உட்புறம் வரை ஊர்ந்து போக நேரமாகும். உள்ளே ஏராளமான இடம் காலியாக இருக்கையில் வேகமாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும். நிரம்ப நிரம்ப, உள்ளே போக வழியில்லாத அயனிகள் ஏட்டின் மேற்பரப்பிலேயே தேங்கி, உலோக லித்தியமாகப் படியத் தொடங்கும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பிறகு வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து மறு முனையைத் தொட்டுவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, 80 சதவீதத்தை நெருங்கும்போதே ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கடைசி 20 சதவீதம் ஊர்ந்து ஊர்ந்து ஏறுவதற்குக் காரணம் சார்ஜரின் சோம்பல் இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்றும் எச்சரிக்கை.

குளிரில் அயனிகள் இன்னும் மெதுவாக ஊர்கின்றன. எனவே குளிர்நாடுகளில் கார்கள் ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்கின்றன. நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அக்கினி நட்சத்திர மதியத்தில், தார்ச்சாலையில் நான்கு மணி நேரம் ஓடிவந்த காரை ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினால், பேட்டரியின் சூடு தணியும்வரை கார் தானே வேகத்தைக் குறைத்துக் கேட்கும். சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட் அதிகபட்ச அளவு மட்டுமே. எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வது கார்.

பங்க் குழாயின் 16 மெகாவாட்டை 400 வோல்ட் பேட்டரிக்குள் கொடுக்க நினைத்தால் 40,000 ஆம்ப் வேண்டும். மனிதன் தூக்கக்கூடிய எந்தக் கேபிளிலும் அது போகாது. நல்லவேளையாக அவ்வளவு தேவையும் இல்லை. பெட்ரோல் எஞ்சின் தனக்குள் ஊற்றிய ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மீதி சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் வெப்பமாகப் போகிறது. மின்மோட்டார் அந்த அளவுக்கு வீணாக்குவதில்லை. அதனால் அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்குக் கால் பங்கு ஆற்றலே போதும். மின்னழுத்தத்தைக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறைப்பது இன்னொரு வழி. 800 வோல்ட் அமைப்புள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5, 350 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் எட்டும். 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி, 1 மெகாவாட்டில் சார்ஜ் ஏற்றி 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான மின்சாரம் தரும் அமைப்பை அறிவித்தது. ஆய்வு அந்தத் திசையில் வேகமாகப் போகிறது. ஆனால் ஒரு காருக்கு 1 மெகாவாட் என்றால் ஒரு சிறு தொழிற்சாலைக்குரிய மின் இணைப்பு. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். ஊருக்குள் எல்லோருடைய அன்றாடத்துக்கும் அது வழியாகாது.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் இன்றும் வெல்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். டாங்கை நிரப்பிய பெட்ரோல் கார் வழியில் எரிபொருளுக்காக நிற்காமலே போய்ச் சேரும். 40 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் நகரத்துக்குள் 280 கிலோமீட்டர் ஓடினாலும் நெடுஞ்சாலையில் அவ்வளவு ஓடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதை விட 100-இல் போனால் காற்றைக் கிழிக்க மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பத் தரும். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கே வேலை குறைவு. பெட்ரோல் காருக்கு மைலேஜ் கூடும் இடத்தில் மின்சாரக் காருக்குக் குறைகிறது.

ஆக, மதுரைக்குப் போக வழியில் இரண்டு முறை நிற்க வேண்டும். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒன்று, திருச்சியைத் தாண்டி ஒன்று என்று வையுங்கள். 50, 60 கிலோவாட் சார்ஜரில் ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒன்று சாப்பாட்டு நேரத்தோடு சேர்ந்துவிட்டால் அது இழப்பாகத் தெரியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் எப்படியும் நிற்பார்கள். இரண்டாவது நிறுத்தம் கூடுதல் நேரம்தான். அங்கே போய்ச் சேரும்போது சார்ஜர் வேலை செய்ய வேண்டும், முன்னால் யாரும் நிற்கக் கூடாது, அந்த நிறுவனத்தின் ஆப்பில் பணம் ஏற்றி வைத்திருக்க வேண்டும். பங்க்கில் ஒரு குழாய் மணிக்குப் பன்னிரண்டு கார்களை அனுப்பிவிடும். ஃபாஸ்ட் சார்ஜரின் ஒரு கன் (காரில் செருகும் முனை) மணிக்கு ஒரு காரை அனுப்பினால் அதிகம். சாதாரண நாளில் பரவாயில்லை. பொங்கலுக்கு முதல் நாள் இரவில் ஒற்றை கன் இருக்கும் இடத்தில் உங்களுக்கு முன்னால் மூன்று கார் நின்றால் பயணமே கெட்டுப்போகும். நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2018-இல் வகுத்த வழிகாட்டுதல் சொன்னது. எண்ணிக்கை வந்தால் போதாது. ஓரிடத்தில் நான்கு, ஆறு கன்களும், பழுதானால் அன்றே வந்து பார்க்க ஆளும் வேண்டும். மாதக்கணக்கில் திரை அணைந்து கிடக்கும் சார்ஜரை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டுவது பயணிக்குச் செய்யும் துரோகம்.

மின்வெட்டையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பங்க் பம்புக்கும் மின்சாரம் வேண்டும்தான். ஆனால் அதை ஒரு ஜெனரேட்டரில் ஓட்டிவிடலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர், புயல் அறிவிப்பு வந்ததுமே முழு சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது.

ஆனால் மதுரைக்கு நாம் எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறோம்? காரின் வாழ்க்கையில் பெரும்பகுதி ஊருக்குள்தான் கழிகிறது. அங்கே வசதியைத் தீர்மானிப்பது அந்தச் சாதாரணப் பவர் பாயிண்ட். அதன் மீது நாம் வைத்திருக்கும் அலட்சியத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும்.

வீட்டில் கீசருக்குப் போட்ட 15 ஆம்ப் இணைப்பு கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடி அணையும். அதே இணைப்பில் காரை மாட்டினால் சில நாள் எட்டு மணி நேரம் கூட இடைவிடாமல் ஓடும். பிளக் ஊசி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும், ஒயர் ஒரு அளவு மெலிதாக இருந்தாலும், அந்த இடத்தில் சூடு மெல்ல மெல்லச் சேர்ந்து சாக்கெட் உருகும். எனவே மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி ஒயர், தனி எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் வேண்டும். எர்த் மிக முக்கியம். நம் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி பெயரளவுக்கே இருக்கும். மிக்சியும் டிவியும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். மின்சாரக் கார் அப்படி இல்லை. கேபிளை மாட்டியதும் காரும் சார்ஜரும் ஒரு மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியே பேசிக்கொள்கின்றன. இணைப்பு சரியா, எர்த் இருக்கிறதா, எத்தனை ஆம்ப் எடுக்கலாம் என்று பார்த்த பிறகே மின்சாரம் பாயும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏறாது. புதுக் கார் வந்த அன்று ‘வண்டியில் ஏதோ கோளாறு’ என்று பதறுகிறவர்கள், முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லலாம்.

மின்கட்டணக் கணக்கு தமிழ்நாட்டில் கொஞ்சம் விசித்திரமானது. தினம் 40 கிலோமீட்டர் என்றால், இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் கூடும். இருமாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, முன்பு மலிவாக இருந்த யூனிட்களுக்கும் கூடுதல் விலை விழும். கார் வாங்கும் முன் ஈபி அட்டையை எடுத்துப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படியும் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 1,900 ரூபாய்; அதே 1,200 கிலோமீட்டருக்குப் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் கணக்கில், 7,500 ரூபாய்.

தனி வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு வார வேலை. அடுக்குமாடியில் இருப்பவருக்குத்தான் உண்மையான சோதனை. கார் நிற்பது தரைத்தளத் தூண்களுக்கு நடுவே. மீட்டர் பெட்டி கட்டடத்தின் மறு மூலையில். ஒயர் போக வேண்டிய வழியெல்லாம் பொது இடம். குடியிருப்போர் சங்கத்தில் கேட்டால் மூன்று பதில்கள் வரும்: தீப்பிடிக்கும், பொதுக் கரண்ட் பில் ஏறும், கட்டடத்தின் லோடு தாங்காது.

இரண்டாவதற்குப் பதில் எளிது. கேபிளை அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்தால் பொதுக் கணக்கில் ஒரு யூனிட் கூட விழாது. முதலாவது அச்சம் நியாயமானது. அதற்கு விடை தடை போடுவது ஆகாது. தரமான ஒயரிங்தான் விடை. அனுமதி கிடைக்காதவர் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு, மழையில் நனைய ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறார். தீ விபத்துக்கு அதைவிட நேரான வழி கிடையாது. முறையாகப் போட அனுமதிக்கும் கட்டடமே பாதுகாப்பான கட்டடம்.

மூன்றாவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது வீடுகள், இருபதிலும் மின்சாரக் கார், எல்லோரும் 7.2 கிலோவாட் சார்ஜரை ஒரே நேரத்தில் போட்டால் 144 கிலோவாட். பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த இருபது கார்களுக்கும் ஓர் இரவில் உண்மையில் தேவைப்படுவது, காருக்கு 6 யூனிட் வீதம், 120 யூனிட். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பரப்பிக் கொடுத்தால் 15 கிலோவாட் போதும். பத்து ஏசி ஓடும் அளவு! ஏற்கெனவே அந்தக் கட்டடத்தில் அதைவிட அதிக ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கட்டடத்தின் மொத்த லோடை அளந்து, கார்களுக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. மாலை ஆறரைக்கு எல்லோர் வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடும்போது கார்கள் காத்திருக்கும். ஊர் உறங்கிய பிறகு முறை வைத்து ஏறும். தாங்காது என்று சொல்லும் சங்கங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

நார்வே இதை முன்னமே புரிந்துகொண்டது. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். வரிச் சலுகையை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள், அது உண்மையே. கூடவே, அடுக்குமாடியில் வசிப்பவர் தன் பார்க்கிங்கில் சார்ஜிங் வசதி கேட்டால் தக்க காரணம் இல்லாமல் நிர்வாகம் மறுக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்தியாவில் 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் ஏற்பாடு வேண்டும் என்றது. வீட்டிலும் அலுவலகத்திலும் சார்ஜ் போட்டுக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை என்பதும் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. குறை, பழைய கட்டடங்களில் இருப்பவருக்குக் கேட்டுப் பெறும் உரிமை இன்னும் உறுதியாக இல்லாததுதான். அந்தச் சட்டம் நமக்கு வேண்டும்.

பார்க்கிங்கே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணியிலும் ராயபுரத்திலும் தெருவோரத்தில் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவருக்கு இன்று பெட்ரோல்தான் வசதி; அவரை மின்சாரக் கார் வாங்கச் சொல்வது நியாயமில்லை. லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே சார்ஜ் பாயிண்ட் வைத்தார்கள்; வெஸ்ட்மின்ஸ்டரின் சதர்லண்ட் அவென்யூவில் தெரு முழுக்கக் கம்பங்களை 2020-இல் அப்படி மாற்றினார்கள். நம் ஊரில் அதைவிட நல்ல இடம் அலுவலகப் பார்க்கிங் என்பது என் கருத்து. கார் அங்கே காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்கிறது. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் நேரமும் அதுவே. வெயிலில் நிற்கும் காருக்கு மேலே தகடு போட்டு அதன் நிழலிலேயே சார்ஜ் ஏற்றலாம்.

தமிழ்நாட்டில் காரைவிடப் பன்மடங்கு அதிகம் இருப்பது இருசக்கர வாகனம். அதன் பேட்டரி 3 யூனிட் அளவுதான். விளக்குக்குப் போடும் 5 ஆம்ப் பாயிண்டிலேயே இரவில் நிறைந்துவிடும். ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் தூத்துக்குடியிலும் மின்சாரக் கார்கள் உருவாகின்றன. வண்டியைச் செய்யும் மாநிலமாக நாம் ஆகிவிட்டோம். அதே மாநிலத்தில் அந்த வண்டியை வாங்கியவர் ஒரு சாக்கெட்டுக்காகச் சங்கச் செயலாளரின் வீட்டுக்கும் ஈபி அலுவலகத்துக்கும் அலைகிறார்.

நீங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தாலோ, அடுக்குமாடி கட்டும் பொறியாளராக இருந்தாலோ ஒரு வேண்டுகோள். மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் ஒரு பிவிசி பைப்பை இப்போதே பதித்துவிடுங்கள். சிமென்ட் பூசும் முன் அது சில நூறு ரூபாய் வேலை; பூசிய பிறகு தரையை உடைத்து, அனுமதி வாங்கி, அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்திச் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த இருபது கார் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் கட்டடத்தின் எண்களைப் போட்டு எல்லோர் முன்னிலும் கூட்டிக் காட்டுங்கள்.